பின்கதவு வரை ஒரு வீடு

இரண்டு பேர் கைகொடுத்துக்கொண்ட வாக்குக்கு உருவமும் உடையும் உயிரும் தந்த எங்கள் ஒப்பந்தப் பிரிவின் தலைவரே! கோபத்தோடு படியேறி வந்தவர்களைக் குறைந்தபட்சம் யோசனையோடு இறங்கிப்போக வைத்தவரே! ஒரு காற்புள்ளி விழுந்த இடத்தில் நின்று மூச்சு வாங்காமல் எங்களில் எவரையும் தாண்ட விடாதவரே! அதனாலேயே உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் 'காற்புள்ளி அம்மா' என்று அழைத்ததை, இத்தனை காலமும் காதில் விழாதது போலவே நடந்துகொண்ட பெருந்தன்மையாளரே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் எல்லோருடைய வணக்கம்.

மருந்துக்கடைக்கு மேலே, மரப்படி ஏறி வந்தால் வலப்புறம் இருக்கும் இந்த அலுவலகத்தில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் அமர்ந்த நாற்காலி தெருவைப் பார்த்து இருக்கிறது. கீழே பேருந்து நிற்கும்போது நம் சன்னல் கண்ணாடி லேசாக அதிரும். நகலெடுக்கும் இயந்திரத்தின் பச்சை ஒளி சுவரில் போய் வரும். மழை நாட்களில் கீழிருந்து மருந்து வாசனையும் நனைந்த குடைகளின் வாசனையும் சேர்ந்து மேலே வரும். அந்த வாசனைக்கு நடுவே, நடந்துமுடிந்த காரியங்களை விட நடக்காமல் போன காரியங்களைப் பற்றியே நீங்கள் அதிகம் பேசினீர்கள். ஒப்பந்தச் சட்டம் என்பது வறண்ட பாடம் என்று படித்துவிட்டு வந்த எங்களுக்கு, அது பாதி கனவில் நடக்கும் காரியம் என்பது உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாடகக் குழுவின் தலைவர் வந்த நாளை எங்களால் மறக்க முடியாது. திரைச்சீலை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட கடைக்காரர் சொன்ன தேதிக்குத் தரவில்லை, நாடகமே நின்றுபோனது. நஷ்டஈடு கேட்டு வந்தவரிடம் நீங்கள் ரசீதுகளைக் கேட்கவில்லை. "திரை வந்திருந்தா அன்னிக்கு சாயங்காலம் எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க" என்றீர்கள். அவர் முதலில் விழித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். விளக்குகள் அணைவதை, முன்வரிசையில் யாரோ இருமுவதை, திரை விலகும்போது வரும் அந்தச் சின்னச் சரசரப்பை. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எங்கள் கணக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நஷ்டஈடுன்னா வேற ஒண்ணுமில்ல. அந்த சாயங்காலம் நடந்திருந்தா நீங்க எங்க நின்னிருப்பீங்களோ, அங்க கொண்டுபோய் உங்களை நிறுத்தணும். அதுக்கு முதல்ல அந்த இடம் எனக்குத் தெரியணும்" என்றீர்கள். நடக்காத ஒரு மாலைக்குள் சட்டம் இவ்வளவு அக்கறையோடு நுழைந்து பார்க்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

வாங்கியவரும் விற்றவரும் முட்டிக்கொண்டு வரும்போது பத்திரத்தை முதலில் திறக்காததும் உங்கள் வழக்கம்தான். "கண்ணை மூடிக்கிட்டு, நீங்க ஒத்துக்கிட்டது எதுன்னு சொல்லுங்க" என்பீர்கள். ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் கண்டதைச் சொல்வார்கள். இருவர் சொல்வதும் ஒன்றானால் ஒப்பந்தம் உண்டு. இருவரும் இரண்டு வெவ்வேறு பொருளைப் பார்த்துக்கொண்டு ஒரே தாளில் கையெழுத்திட்டிருந்தால், அங்கே ஒப்பந்தமே பிறக்கவில்லை. ஒருமுறை கிடங்கு வாடகைத் தகராறில் கண்ணை மூடிய ஒரு வியாபாரி அப்படியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். "பார்த்துக்கோங்க மேடம், ஒப்பந்தம் பேசும்போதும் இவர் இப்படித்தான் இருந்தார்" என்றார் எதிர்த்தரப்புக்காரர். நீங்கள் சிரித்ததில் உங்கள் மூக்குக்கண்ணாடியே கழன்று விழுந்தது.

இனி நாங்கள் சொல்லப்போவது பாராட்டு மடல்களில் வழக்கமாக இடம்பெறாத ஒன்று. உங்கள் பிழை ஒன்றைப் பற்றியது. அதை எழுத வேண்டாம் என்று நம் நிர்வாகி சொன்னார். உங்களிடம் கேட்டபோது, "அதைப் போடலைன்னா எனக்கு மடலே வேணாம். சால்வையை மட்டும் கொடுத்து அனுப்பிடுங்க" என்றீர்கள். சம்பந்தப்பட்ட இரு தரப்பும் சம்மதித்தார்கள். ஆகவே எழுதுகிறோம்.

சென்ற கோடையில், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் தம் வீட்டின் முன்பகுதியை அடுத்த தெருப் பேக்கரிக்காரருக்கு விற்றார். அந்த வீட்டின் நடுவே ஒரு பின்கதவு. கதவுக்கு இப்பால் இருப்பதெல்லாம் பேக்கரிக்காரருக்கு. அப்பால் இருக்கும் முற்றமும், கூரையில் கண்ணாடி பதித்த ஓர் அறையும் கடிகாரக்காரருடைய அக்கா இருந்துகொள்ள. அவருக்குப் பக்கத்துச் சந்து வழியாகத் தனி வாசல் உண்டு. அந்த அக்காவின் பிழைப்பு விநோதமானது. செடிகளின் தண்டை நறுக்கி, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடிகளில் வைத்து, வேர் விட்டதும் பூக்கடைகளுக்குக் கொடுப்பார். சன்னல் மேடை முழுக்க, அலமாரி முழுக்க, தரை முழுக்க ஜாடிகள். காலையில் அந்த அறைக்குள் போனால், வெளிச்சம் தண்ணீர் வழியாக வந்து சுவரில் அசைந்துகொண்டிருக்கும். ஆற்றின் அடியில் நிற்பது போல இருக்கும். அந்த அறை போனால் அவருடைய பிழைப்பும் போகும். அப்படியொரு வெளிச்சம் வேறெங்கும் வாடகைக்குக் கிடைக்காது.

கிரயப் பத்திரத்தை நீங்கள் எழுதினீர்கள். பழைய பத்திரத்தில் வீட்டின் வடக்கு எல்லை முற்றத்தின் பின்சுவர். புதியதில் அது பின்கதவு என்று மாற வேண்டும். நீங்கள் சரியாகவே மாற்றி எழுதினீர்கள். ஆனால் தட்டச்சுக்குக் கொடுத்த தாள்களோடு பழைய எல்லை விவரமே சேர்ந்துபோய்விட்டது. கையெழுத்துக்கு முன் எந்தப் பத்திரத்தையும் இரு தரப்புக்கும் உரக்க வாசித்துக் காட்டுவீர்கள். அப்படி வாசிக்கும்போது நீங்கள் தாளைப் பார்க்கமாட்டீர்கள். கேட்பவரின் முகத்தைப் பார்ப்பீர்கள். எந்தச் சொல்லுக்குப் புருவம் சுருங்குகிறது, எந்தச் சொல்லுக்குத் தலை தாமதமாக ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே போவீர்கள். அன்றும் அப்படித்தான். 'வடக்கே பின்கதவு' என்று உங்கள் வாய் சொன்னது. தாளில் 'பின்சுவர்' என்று இருந்தது. எழுதியதை நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. இருவரும் சரியானதைக் கேட்டார்கள், தவறானதில் கையெழுத்திட்டார்கள்.

மழை தொடங்கிய பிறகுதான் அது வெளியே வந்தது. புதிய அடுப்புக்கு அனுமதி வாங்கப் பத்திரத்தை எடுத்துப்போன பேக்கரிக்காரரின் மருமகன், எல்லையை வாசித்துப் பார்த்துவிட்டு நேராக அக்காவிடம் போயிருக்கிறார். மறுநாள் கடிகாரக்காரர் நனைந்த சட்டையோடு நம் படியேறி வந்தார்.

"அம்மா, அக்கா மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா. பின்சுவர் வரைக்கும் எங்களுதுன்னு அந்த மருமகப்பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்கார். என்ன எழுதி வச்சிருக்கீங்க நீங்க?"

நீங்கள் கோப்பிலிருந்த நகலை எடுத்தீர்கள். அந்த முறை தாளைப் பார்த்து வாசித்தீர்கள். பிறகு, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். உங்களை அந்த நாற்காலியில் நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"டைப்பிங் தப்புன்னு சொல்லிடலாம் மேடம். எங்கேயும் நடக்கிறதுதானே?" என்றார் நிர்வாகி.

நம் தட்டச்சர் அண்ணன் கையில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். "சொல்லிக்கட்டும் மேடம். எனக்குப் பழகிப்போச்சு. இந்த ஆபீஸ்ல மழை ஒழுகினாலும் டைப்பிங் தப்புதான்" என்றார்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "நான் கொடுத்ததைத்தான் நீங்க அடிச்சீங்க அண்ணே. நான்தான் படிக்கல. படிச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றீர்கள். பிறகு இரு தரப்பையும் வரச் சொல்லிப் பேசினீர்கள்.

நீள மேசையின் ஒரு பக்கம் கடிகாரக்காரரும் அக்காவும். மறுபக்கம் பேக்கரிக்காரரும் மருமகனும். அக்காவின் நகக்கண்களில் பச்சை படிந்திருந்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "எனக்குச் சண்டை வேணாம். எப்போ காலி பண்ணணும்னு மட்டும் சொல்லிடுங்க. பாதி வேர் விட்டதை நடுவுல தூக்கினா பிழைக்காது. அதுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்க" என்றார்.

கடிகாரக்காரர் சீறினார். "நீ ஏன் காலி பண்ணணும்? விக்காத இடத்தை யாரு அக்கா காலி பண்ணுவாங்க?"

நீங்கள் எழுந்து நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே, "தப்பு என்னோடது" என்றீர்கள். எது எப்படி நடந்தது என்று மறைக்காமல் சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். "மொத்த வியாபாரத்தையும் கலைச்சுட்டு அவரவர் பழைய இடத்துக்கே போகலாமான்னு பார்க்கலாம். இல்லைன்னா கோர்ட்டுக்குப் போய்ப் பத்திரத்தைத் திருத்தச் சொல்லலாம். நான் சாட்சிக் கூண்டுல ஏறி என் தப்பைச் சொல்றேன். நீங்களே ஒத்துக்கிட்டா கோர்ட்டே வேணாம், ஒரு பிழைதிருத்தப் பத்திரம் போதும். என்னால யாருக்கு நஷ்டம் வந்திருந்தாலும் என்கிட்ட ஈடு கேக்கலாம். அதுக்கு மட்டும் வேற வக்கீலைப் பாருங்க, என் மேல நானே கேஸ் போட முடியாது."

"எழுதினது எழுதினதுதான் மேடம்" என்றார் மருமகன். "எங்களுக்குப் பாதகமா எழுதியிருந்தா இப்படிக் கூப்பிட்டுப் பேசுவீங்களா?"

"கூப்பிடுவேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பத்திரத்தைத் தம் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். நீங்கள் பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினீர்கள்.

"கண்ணை மூடுங்க. இது நீங்க கை கொடுத்த நாள். பத்திரம் இன்னும் பிறக்கல. தெருவுலேர்ந்து உள்ள வாங்க. நீங்க வாங்கின வீட்டை எனக்குக் காட்டுங்க."

"இதென்ன மேடம், மேஜிக் ஷோவா?" என்றார் மருமகன். ஆனால் மாமனார் கண்ணை மூடிவிட்டார். அவருடைய கைகள் தாமாகவே மேசைமேல் எழுந்தன. மாவு பிசைகிற கைகள்.

"வாசல்... ரெண்டு படி. இடது பக்கம் கண்ணாடிப் பெட்டி வைக்கணும், பிஸ்கட்டுக்கு. உள்ள வந்தா இங்க பெரிய அடுப்பு. சூடு தெருப்பக்கம் போகணும், வாசனைக்கே ஆள் வரும். இங்க மாவு மூட்டை, ஈரம் ஆகாது. அப்புறம் பாத்திரம் கழுவுற தொட்டி. அங்க பின்கதவு..."

கைகள் நின்றன.

"திறந்து உள்ள போங்க மாமா" என்றார் மருமகன்.

"எப்படிடா போறது? அது அவங்க வீடு. தொட்டித் தண்ணியை அந்தப் பக்கம் விடாதேன்னு குழாய்க்காரன்கிட்ட சொல்லணும். சோப்புத் தண்ணி பட்டா செடி போயிடும்."

பேக்கரிக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார்.

"மாமா, நீங்க வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"கண்ணைத்தானே மூடச் சொன்னாங்க, வாயையா மூடச் சொன்னாங்க? சரி, நீதான் அன்னிக்குக் கூட இருந்தியே, நீ சொல்லு. அந்தக் கதவுகிட்ட வந்ததும் நாம என்ன பண்ணினோம்?"

மருமகன் சன்னல் பக்கம் பார்த்தார். கீழே ஒரு பேருந்து வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"தட்டினோம்" என்றார் கடைசியில். "உள்ள வரலாமான்னு கேட்டோம்." சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போல் இருந்தது. இழுத்து வைத்திருந்த பத்திரத்தை மேசையின் நடுவுக்கு நகர்த்தினார்.

பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டார். "அந்த இடம் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும். இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நான் வாங்கினது அது இல்ல."

மறுவாரமே பிழைதிருத்தப் பத்திரம் எழுதப்பட்டது. வடக்கே பின்கதவு. அதை நீங்கள் வாசிக்க மறுத்துவிட்டீர்கள். தட்டச்சர் அண்ணனை வாசிக்கச் சொன்னீர்கள், வரிக்குக் கீழே விரல் வைத்து. நீங்கள் எதிரே உட்கார்ந்து முகங்களைப் பார்த்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நம் அலுவலகத்தில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு பேர். அண்ணன் இப்போதெல்லாம் செய்தி வாசிப்பவர் குரலில் எல்லைகளை வாசிக்கிறார். அதைக் கேட்பதற்காகவே மருந்துக்கடைப் பெண் மேலே வருகிறார் என்று ஒரு வதந்தி உண்டு.

இதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்று கையெழுத்து முடிந்து கடிகாரக்காரர் கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டார். "அப்போ நடுவுல அந்தப் பத்திரம் தப்பா இருந்த நாளெல்லாம் என்ன கணக்கு அம்மா?"

"சட்டத்துக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. முதல்லேர்ந்தே இப்படித்தான் எழுதியிருந்ததுன்னு எடுத்துக்கும்" என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்தீர்கள். அவர் தம் பச்சை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் இல்லையென்று சொன்ன அந்த நாட்களில்தான் அவர் ஜாடிகளைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியிருந்தார். தண்டுகளை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருந்தார். அந்த நாட்களுக்கு ஈடு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு படி இறங்கினீர்கள். எங்களில் சிலரும் பின்னால் வந்தோம். மழை விட்டிருந்தது. சந்து வாசல் வழியாக அந்த அறைக்குள் நுழைந்தபோது, அங்கே அசைகிற வெளிச்சம் இல்லை. வெறும் சுவர், கையெழுத்தாகும் வரை அவர் பிரிக்காமலே வைத்திருந்த பெட்டிகள், வாய் கவிழ்ந்த ஜாடிகள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் உங்கள் குரலுக்கு நடுங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் குரலில் நீங்கள் அன்று எந்த விளக்கமும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "தண்ணி எங்க பிடிக்கணும்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அக்கா குழாயைக் காட்டினார். நீங்கள் ஒவ்வொரு ஜாடியாகக் கழுவி நிரப்பிக் கொடுத்தீர்கள். அவர் தண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தார். "இது கிழக்கே. இது நிழல்ல. அதை வீசிடுங்க, அது போயிடுச்சு." போய்விட்டதை நீங்கள் உடனே வீசவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு வீசினீர்கள். மாலை வெயில் வந்தபோது சுவரில் ஒரு மூலையில் தண்ணீரின் நிழல் அசையத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு" என்றார். மேசையைச் சுற்றி நடந்த எல்லாவற்றையும் விட அந்த ஒரு சொல்தான் எங்களுக்குத் தீர்ப்பு போலக் கேட்டது.

பெருமதிப்பிற்குரிய அம்மா! தனிமனிதர் ஒருவரின் உழைப்பை எந்த ஒப்பந்தத்தைக் காட்டியும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது என்பது நீங்கள் எங்களுக்குச் சொன்னதுதான். பாடுவதாகச் சொன்னவரைப் பாடியே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆகவே திங்கட்கிழமை காலையும் வந்து தெருவைப் பார்த்த அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்று கேட்க எங்களுக்கு வழியில்லை. வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

நல்ல உடலும் நிறைந்த மனமும், அவசரமில்லாத காலைகளும், யாருக்கும் எதையும் எழுதித்தர வேண்டாத மாலைகளும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! உங்களுக்குப் பிடித்த மனிதர்கள் உங்களைச் சுற்றி இருக்கட்டும்! படிக்காமல் தள்ளி வைத்த கதைப் புத்தகங்களெல்லாம் உங்கள் மடியில் திறக்கட்டும்!

விழாவுக்கு அழைக்கப் போனபோது அக்கா தம்மால் வர இயலாது என்று சொல்லிவிட்டார். பூக்கடைகளுக்குக் கன்று கொடுக்கும் நாளாம். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார். அவர் சொன்ன சொற்களிலேயே இதை இங்கே எழுதுகிறோம். "கிழக்குச் சன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்கேன். ஜாடி எதுவும் வைக்கல அங்க. அவங்களுக்குத் தோணும்போது வந்து உக்காரச் சொல்லுங்க. கதவைத் தட்ட வேணாம்."

என்றும் உங்கள் அன்பில்,
ஒப்பந்தப் பிரிவின் வழக்கறிஞர்கள், கணக்கர், நிர்வாகி, தட்டச்சர் அண்ணன்,
மற்றும் இந்த அலுவலகத்தின் பணியாளர்கள் அனைவரும்